மழைக்கு முன் மாற்றிய பாயிண்ட்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் முழங்கால், அப்புறம் சர்க்கரை, அதற்கப்புறம்தான் பிள்ளைகள். போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ பழைய வண்டிகள் பக்கம் திரும்பியது. பத்து வருடமானால் வண்டியைக் கழித்துக் கட்டும் ஊரில் இருந்துகொண்டு, அந்தக் காலத்து வண்டி எப்படி உழைத்தது தெரியுமா என்று ஆளாளுக்கு அளந்தீர்கள். "உங்கப்பாகூட வேன் வச்சிருந்தாரே. அவரு மாதிரி வண்டிய பாத்துக்கிட்ட ஆள நான் பாத்ததே இல்ல லா" என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். நான் குனிந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். வாயால் பதில் சொல்லப் போனால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. இந்த வயதில் தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்து அழுதால் பார்க்கச் சகிக்காது. அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை இருந்த கடைசி மழைக்காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவளை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். மெலிந்த தோளும் பெரிய வாயுமாக, பள்ளிக்கூட வேனில் முன் சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

நாங்கள் அப்போது கிளமெண்டியில் இருந்தோம். அப்பாவின் வேன் அப்போதே கிழடு. பெட்ரோல் வண்டி, பக்கவாட்டில் பழைய முதலாளியின் பெயரை அழித்த சுவடு, மழை பெய்தால் பின் கதவோரம் ஒழுகும். விடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். பிறகு தேக்காவுக்குப் போய் வாழை இலையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போடுவார். வண்டிக்குள் எப்போதும் பெட்ரோல், கறிவேப்பிலை, ஈரச் சாக்கு மூன்றும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் ஈரச் சாக்கை எங்கேயாவது முகர்ந்தால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

தங்கைக்கு இழுப்பு. பிறந்ததிலிருந்தே. மழைக்காலம் வந்தால் தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறிவிடும், கழுத்துக் குழி உள்ளே போகும், பேசும் வார்த்தைகள் இரண்டிரண்டாக உடையும். சிரப்பும் தைலமும் ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் போனால் ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோவது அப்பாவின் வேன்தான். எத்தனை முறை கொண்டுபோயிருக்கிறது என்று கணக்கில்லை. ஒருமுறைகூட அது காலை வாரியதில்லை.

அதனால்தான் அப்பா அந்த வண்டியின் நெருப்பை அப்படிப் பேணினார். டயர் வழுக்கையானால்கூட இன்னொரு மாசம் ஓட்டுவார். பிரேக் கிறீச்சிட்டால் காது கேட்காத மாதிரி இருப்பார். ஆனால் வண்டியைக் கிளப்பும் சாமான்களில் மட்டும் சமரசமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்பார்க்கில் தமிழ்ப் பேப்பரை விரித்து அதன் மேல் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். நுனி காப்பி நிறத்தில் இருந்தால் முகம் மலரும். கரி பிடித்திருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டு அளந்து, பட்டும் படாமலும் தட்டி நேராக்குவார். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உள்ளேயும் வெளியேயும் துணியால் துடைப்பார். ஒயர்களைக் கையால் உருவிப் பார்த்து எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று தேடுவார். "கெட்டுப் போனப்புறம் மாத்துறவன் மெக்கானிக். கெடுறதுக்கு முன்னாடி மாத்துறவன்தான் டிரைவர்" என்பார். மற்ற வேன்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள், பெண்டாட்டியைக்கூட இப்படிக் கவனிக்க மாட்டான் என்று.

அந்த மூடிக்குள் பாயிண்ட் என்று ஒரு சின்னச் சாமான் இருக்கும். இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரியும். அந்தப் பிரிவில்தான் மின்சாரம் எழும்பி, காயில் என்ற கம்பிச் சுருள் வழியாக ஏறி, மூடியின் நடுக்குழாயில் இறங்கி, ஒவ்வொரு பிளக்காகப் போய்ப் பொறி தட்டும். இதை அப்பா தங்கைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஓடி விளையாட முடியாத பிள்ளை, வேறு எங்கே போகும்? சீட்டில் காலை மடித்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டேயிருப்பாள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் பாயிண்டை அப்பா மாற்றிவிடுவார், தேய்ந்திருந்தாலும் தேயாவிட்டாலும். பழையது ஒரு மைலோ டப்பாவுக்குள் போகும். அந்த டப்பாவுக்குள் போகிற எல்லாவற்றுக்கும் தங்கை நகச்சாயம் பூசிவிடுவாள்.

"ஏன் அதுக்குப் பொட்டு வைக்கிற?" என்று கேட்டேன்.

"இது ரிட்டயர் ஆயிருச்சுக்கா. அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, புதுசுன்னு திரும்பப் போட்டுருவாரு."

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்கு நினைவில் இருக்கிற சில இடங்களில் அது ஒன்று.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்பு தங்கை ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் படுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது கை குச்சியாக இருந்தது. அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் எடுத்த நாளிலிருந்து அவளுடைய நடையே மாறிவிட்டது. எதைத் தொட்டாலும் இது அந்தப் பால்குடத்துக்கு ஆகுமா ஆகாதா என்று யோசிக்கிற மாதிரி இருந்தாள். அவளுக்கு வேறு எதைப் பிடித்துக்கொள்ளத் தெரியும்? டாக்டர் பேசிய இங்கிலீஷ் அவளுக்குப் புரியவில்லை.

ஆயுத பூஜையன்று வேனைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா வழக்கம்போல முன்கண்ணாடியில் பட்டை போட்டுப் பொட்டு வைத்தார். அம்மா விபூதித் தட்டோடு நின்றவள், "என்னங்க, கண்ணாடியில வச்சா ஆச்சா? உள்ள வைங்க. வண்டிக்கு உசுரு எங்க இருக்கோ, அங்க வைங்க" என்றாள்.

தங்கைதான் முந்திக்கொண்டு சொன்னாள். "டிஸ்ட்ரிபியூட்டர்லதாம்மா உசுரு!"

அப்பா என்ஜினைத் திறந்தார். அம்மா தண்ணீர் விட்டுக் குழைத்த விபூதியை அப்பா மூன்று விரலில் எடுத்து, மூடியின் குறுக்கே இந்தப் பக்கக் கிளிப்பிலிருந்து அந்தப் பக்கக் கிளிப் வரைக்கும் பட்டை இழுத்தார். நடுக்குழாயைச் சுற்றிச் சந்தனம், அதன் மேல் குங்குமம். கறுப்பு மூடி குட்டிச் சாமி மாதிரி ஆகிவிட்டது. தங்கை கைதட்டினாள்.

"தைப்பூசம் முடியுற வரைக்கும் இதக் கலைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "அது தானா உதிரணும். நீங்க பாட்டுக்குத் துணிய எடுத்துத் துடைச்சுராதீங்க. இது சின்னவளுக்காக வச்சது."

"துடைக்கல, துடைக்கல" என்றார் அப்பா.

துடைக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மழை தொடங்குவதற்கு முன்னால், அவர் பாயிண்ட் மாற்றியதை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு மறுநாள் பரீட்சை, புத்தகத்தோடு படியில் உட்கார்ந்திருந்தேன். பட்டை கலையாமல் மூடியை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கினார், சூடான சட்டியைத் தூக்குவது போல. புதுப் பாயிண்டைப் பூட்டி, அளந்து, மூடியை அதே மாதிரி பூப்போல இறக்கி வைத்தார். பழையது டப்பாவுக்குள் போனது. தங்கை நகச்சாயக் குப்பியோடு தயாராக நின்றாள். இளஞ்சிவப்பு.

தீபாவளி முடிந்ததும் மழை வந்தது. கிளமெண்டியில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. துணி காயாமல் நாறியது. வேன் காலையில் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் முக்கிக் கிளம்பத் தொடங்கியது. அப்பா பிளக்குகளை மாற்றினார். ஒயர்களை மாற்றினார். கெடுவதற்கு முன்னால் மாற்றுகிற எல்லாவற்றையும் மாற்றினார். மூடியை மட்டும் தொடவில்லை. இன்னொரு மூடி வாங்கிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பட்டை போட்ட மூடியைக் கழற்றி வைப்பதும் கலைப்பதும் அவருக்கு ஒன்றுதான். வெயில் அடித்த காலைகளில் வண்டி ஒழுங்காகக் கிளம்பியது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

அன்று விடியும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். உதட்டோரம் நீலம். வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், ஏதோ வேடிக்கை சொல்லப் போகிறவள் மாதிரி. அம்மா அவளைச் சால்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டாள். எல்லோரும் கீழே ஓடினோம்.

அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். மறுபடியும். இறங்கி ஓடிவந்து என்ஜினைத் திறந்தார். நான் குடை பிடித்தேன். குடை அவருக்கா என்ஜினுக்கா என்று தெரியாமல் இரண்டும் நனைந்தன. ஒயர்களைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். பிளக்குகளைக் கழற்றிச் சட்டையால் துடைத்தார். பிறகு மூடியைப் பார்த்தார். விபூதி ஈரத்தில் சாம்பல் நிறமாக ஊறிக் கிடந்தது, குங்குமம் ஒரு பக்கம் கசிந்திருந்தது. துணி பிடித்த கை அதன் மேல் போனது. போய் நின்றது. நான் பார்த்தேன். அந்தக் கை திரும்பி வந்தது. பட்டையைச் சுற்றி விளிம்பை மட்டும் துடைத்தார்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு பாய் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத் தன் பிக்அப்பில் வந்து இறங்கினார். தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வண்டிய விடுங்க. புள்ளைய என் வண்டியில ஏத்துங்க."

"ஒரு நிமிஷம் பாய். எடுத்துரும். என் வண்டி எடுக்காம இருக்காது."

"புள்ளையப் பாருங்க அண்ணே!"

"எடுத்துரும் பாய், எடுத்துரும்."

இன்னும் எத்தனை தரம் சாவியைத் திருப்பினார் என்று தெரியாது. என்ஜின் சுற்றுகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து முனகலானது. கடைசியில் பாய் யாரையும் கேட்கவில்லை. வேன் கதவைத் திறந்து அம்மாவின் மடியிலிருந்து தங்கையை வாரி எடுத்துக்கொண்டு தன் வண்டிக்கு ஓடினார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். அப்பா சாவி கையில் இருக்க மழையில் நின்றார். பிறகுதான் அவரும் ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே தங்கை போய்விட்டாள். என்னைக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. வேனின் படியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் யூனிஃபார்மோடு குடை பிடித்துக்கொண்டு வந்து, வேன் எப்போது கிளம்பும் என்று என்னிடம் கேட்டார்கள்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டி அவளை வைத்திருந்தார்கள். மறுநாள் ஆண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து எல்லோரும் குளித்துச் சாப்பிட்ட பிறகு, மேலே வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதுவரை அழுதவள் திடீரென்று அழுகையை நிறுத்தி, தெளிவான குரலில் கேட்டாள்.

"ஏங்க எடுக்கல? உசுருல கொண்டுபோய் சாமிய வச்சோமே. வச்சுமா எடுக்கல?"

உறவுக்காரர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, "போய்ப் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். நானும் இறங்கி, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மழை விட்டிருந்தது.

அப்பா என்ஜினைத் திறந்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் அந்தப் பட்டையை ஒரே இழுப்பில் துடைத்தார். பொட்டையும் துடைத்தார். மூடியைக் கழற்றிச் சட்டையில் தேய்த்துக் காயவைத்துப் பூட்டினார். பாயிண்டைத் தொடவேயில்லை. பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்ச உயிரில் சாவியைத் திருப்பினார். வண்டி முதல் சுற்றில் பிடித்துக்கொண்டது.

அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் குழைத்த விபூதி காய்ந்தால் ஒன்றும் செய்யாது. ஈரத்தில் ஊறினால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அதன் மேலேயே ஊர்ந்து கிளிப் வழியாக இறங்கி வீணாகிவிடும். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. வண்டியை அணைத்தார். மைலோ டப்பாவைத் திறந்து பழைய பாயிண்டை எடுத்தார். அரத்தால் அதன் மேலிருந்த இளஞ்சிவப்பைச் சுரண்டினார். என்ஜின் அழுக்கை எடுத்து அதில் தடவினார். அதைக் கையில் மூடிக்கொண்டு மேலே போனார்.

நான் பின்னாலேயே போனேன். அம்மாவுக்கு முன்னால் அவர் கையைத் திறந்தார்.

"பாயிண்ட். தேஞ்சு போயிருக்கு பாரு. மழைக்கு முன்னாடி மாத்தியிருக்கணும். நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேன்."

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன தெரியும்? திருகு இறங்கும் சின்னக் காடியில் இளஞ்சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

"சோம்பேறித்தனமா?" என்றாள்.

"ஆமா."

அதோடு அவர்களுடைய வாழ்க்கை முடிந்தது. சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஒரே கூரைக்கடியில் இருந்தாள். ஆனால் 'என்னங்க' என்ற சொல் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அப்பா 'அந்த ஆளு' ஆனார். பாயிண்ட் மாற்றாமல் பிள்ளையைக் கொன்றவர் என்று உறவு முழுக்கத் தெரிந்தது. வேன்காரர்கள் கேள்விப்பட்டு, நீயா அப்படி விட்டே என்று நம்பாமல் கேட்டார்கள். ஆமாம், நான்தான் என்றார். வேனை விற்றுவிட்டு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குப் போனார். கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை.

உங்களில் யாராவது அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றைக்கும் கோபமாகத்தான் இருக்கிறது. பட்டையை விடுங்கள், பாயின் வண்டி பக்கத்திலேயே நின்றதே? என் வண்டி எடுக்காம இருக்காது என்று சொன்னாரே? அத்தனை அக்கறையாக வண்டியைப் பார்த்துக்கொண்ட மனிதருக்கு, அந்த வண்டி ஒருநாள் கைவிடும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒருவேளை அம்மாவிடம் சொன்ன பொய்யில் தனக்கான தண்டனையையும் அவரே எழுதிக்கொண்டாரோ என்னவோ. அம்மாவுக்கு வெறுப்பதற்கு ஒரு ஆள் கிடைத்தார். வெறுப்பு இல்லாவிட்டால் அவள் அந்த வருடமே மாடியிலிருந்து குதித்திருப்பாள் என்பதும் உண்மைதான். எனக்குத்தான் இரண்டு பேருமே இல்லாமல் போனார்கள்.

அப்பா சில வருடங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். வந்து ஒரு தரம் பாரும்மா என்று அம்மாவைக் கெஞ்சினேன். "அந்த ஆளப் பாக்க நான் வரல. என் புள்ளைய அவரு பாத்துக்கிட்ட லட்சணம் போதும்" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா வந்துகிட்டு இருக்காங்கப்பா என்று பொய் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டினார்.

"வர மாட்டா. வராட்டிப் பரவால்ல." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அன்னைக்கு நீ நாற்காலிக்குப் பின்னாடி உக்காந்திருந்த. எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை இறுக்கினார்.

"அவகிட்ட சொல்லிராதம்மா."

நான் சொல்லவில்லை. அம்மா இப்போது என்னோடுதான் ஆங் மோ கியோவில் இருக்கிறாள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது எப்போதாவது தங்கையின் பேச்சு வரும், உடனே பாயிண்ட் மாற்றாத ஆளின் பேச்சும் வரும். நான் ரசம் ஊற்றுவேன். அவளுக்குப் பார்வை போய்விட்டது, அதனால்தான் இதை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத முடிகிறது. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஏதாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். நீங்கள் வந்தாலும் கேட்பாள். பேப்பர் வாசியுங்கள், பக்திப் பாட்டு வாசியுங்கள். இதை மட்டும் அவளுக்கு வாசித்துவிடாதீர்கள்.